மின்சாரமும் சேமிப்புப் பாட்டரியும்: இணைக்கும் முறையும் காக்கும் முறையும்

ராஜபாளையத்திற்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவில் அமைந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு கோவிலை ஒட்டி ஓடி வருகிறது. நகரத்திலிருந்து கோவிலுக்குச் செல்லும் வழியிலுள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ராஜபாளையத்தின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை சித்திரை, வைகாசியில் குடத்தில் வந்து சேர்வதற்குக் காரணம் இத்தகைய தேக்கமே. வருவதைத் தேக்கி வைத்து, வராத காலத்தில் செலவிடுதல் என்னும் இம்முறையை மின்சாரத்திற்குச் செய்து தருவது பாட்டரி.

ஆயினும் நீர்த்தேக்கத்திற்கும் பாட்டரிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தேக்கத்தில் புகுந்த நீர் மீண்டும் மலையேறாது. மதகின் வழியாகவே வெளியேறும். பாட்டரியோ மேடு பள்ளம் அறியாது. எந்தக் கம்பியின் வழியே மின்சாரம் அதனுள் புகுந்ததோ, அதே கம்பியின் வழியே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் வல்லது. மின்சாரம் வழங்கும் சாதனத்தைப் பாட்டரியோடு இணைப்பதிலுள்ள அபாயங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை மறப்பதனால் விளைபவை. இவ்வுண்மையும், அதிலிருந்து பெறப்படும் விதிகளும் இப்பாடத்தின் பொருளாகும்.

1. சங்கங்களுக்கு இவ்விஷயம் வேண்டப்படுவது ஏன்?

இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. அக்காலத்துச் சங்கத்தின் சொத்து ஓர் இரும்புப் பெட்டியும் சில பேரேடுகளுமே. மின்சாரம் இன்றியே அதன் காரியங்கள் நடந்தன. பைக்காராவில் 1932ஆம் ஆண்டிலும், மேட்டூரில் 1937ஆம் ஆண்டிலும், பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கிய பின்னரே தமிழ்நாட்டுக் கிராமங்களை நோக்கி மின்கம்பிகள் படிப்படியாக நீண்டன.

இக்காலத்தில் பேரேடு கணினிக்குள் சென்றுவிட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க விவசாயக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய சர்க்கார் 2022 ஜூன் மாதத்தில் அனுமதித்தது. உரம் நிறுக்கும் தராசும், பாலின் கொழுப்பை அளக்கும் கருவியும் மின்சாரத்தால் இயங்குகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு ஆதாரமான பால் விடியற்காலையில் கறக்கப்படுகிறது. கரண்டு வரும்வரை பால் காத்திராது. அளவு தவறினால் உற்பத்தியாளருக்கு நஷ்டம்.

2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய பற்றாக்குறை இல்லாத ஆண்டுகளிலும், ஆடிக் காற்றில் கிளை முறிந்து கம்பி அறுவதும், ஐப்பசி இடியில் டிரான்ஸ்பார்மர் பழுதாவதும் மலையடிவார ஊர்களுக்குப் புதியன அல்ல. ஆகையால் சங்கக் கட்டடங்களில் இன்வெர்ட்டரும் பாட்டரியும் இடம்பெற்றுள்ளன. அவற்றை வாங்குவதில் காட்டும் அக்கறை, இணைப்பதில் காட்டப்படுவதில்லை.

2. பாட்டரியின் இயல்பு

பிரான்சு தேசத்து விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் ஈயப் பாட்டரியைக் கண்டறிந்தார். அதன் அமைப்பு எளிது. நீர் கலந்த கந்தகத் திராவகத்தினுள் ஈயத் தகடு ஒன்றும், ஈய டையாக்சைடு பூசிய தகடு ஒன்றும் நிற்கின்றன. மின்சாரம் செலவாகுங்கால் இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. திராவகம் நீர்த்துப் போகிறது. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினால் இம்மாற்றம் திரும்பி, தகடுகளும் திராவகமும் பழைய நிலையை அடைகின்றன. இத்தகைய அறை ஒன்று சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராகச் சேர்த்ததே கடைகளில் விற்கும் 12 வோல்ட் பாட்டரி.

வோல்ட் என்பது நீரின் உயரத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது ஓடும் நீரின் அளவு. ஆம்பியர்-மணி என்பது தேங்கியுள்ள மொத்த நீர். 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி 7½ ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரவல்லது என்று பொருள். வேகமாக இறைத்தால் மொத்த அளவும் குறையும் என்பதையும் மறத்தலாகாது.

12 வோல்ட் மனிதனின் உடலில் பாய்ந்து கொல்லும் அளவினது அன்று. ஆகவே பாட்டரி தீங்கற்றது என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. அய்யனார் கோவில் ஆறு சாதாரண நாட்களில் கணுக்கால் அளவே ஓடும். மலையில் பெருமழை பெய்தால் அதே ஆறு திடீரெனப் பெருகி வந்தவர்களைக் கரையேற விடாது நிறுத்திவிடும். பாட்டரியும் அத்தகையதே. விளக்கு எரிக்கையில் சில ஆம்பியர் தரும் அதே பாட்டரி, இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு திருப்புளி விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேலாகப் பாய்ச்சும். திருப்புளி செக்கச் சிவந்து உருகும். விரலிலுள்ள மோதிரம் அவ்வழியில் அகப்பட்டால் தசை கருகும். வீதிக் கம்பியை அணைக்க ஒரு சுவிட்சு உண்டு. பாட்டரியினுள் அத்தகைய சுவிட்சு எதுவும் இல்லை.

3. இருதலைக் கொள்ளி

இருபுறமும் எரியும் கொள்ளியின் நடுவே அகப்பட்ட எறும்புக்கு எப்பக்கமும் தப்ப வழியில்லை என்பது பழமொழி. சார்ஜருக்கும் பாட்டரிக்கும் இடையிலுள்ள கம்பி அத்தகைய கொள்ளியாகும். ஒரு முனையில் வீதியிலிருந்து வரும் மின்சாரம். மறு முனையில் பாட்டரி. ஒரு பக்கத்தை மாத்திரம் அணைத்துவிட்டு, 'கரண்டு இல்லை' என்று கம்பியைத் தொடுதல் கூடாது.

கையில் கிடைத்த ஏதாவதொரு மின்வழங்கியைப் பாட்டரியோடு நேராகச் சேர்ப்பது கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. கண்காணிப்புக் காமிராவிற்கு வந்த 12 வோல்ட் மின்வழங்கியைப் பழைய பாட்டரி ஒன்றோடு முறுக்கிக் கட்டிவிடுகின்றனர். இதில் மூன்று குற்றங்கள் உள்ளன.

முதலாவது, 12 வோல்ட் என்று எழுதிய மின்வழங்கி 12 வோல்ட் பாட்டரியை நிரப்பாது. முற்றும் நிறைந்து ஓய்ந்திருக்கும் பாட்டரியே சுமார் 12.7 வோல்ட் காட்டும். அதனுள் மின்சாரம் புக வேண்டுமானால் வெளியிலுள்ள உயரம் அதனினும் மிகுந்திருக்க வேண்டும். நிரப்புவதற்குச் சுமார் 14.4 வோல்ட்டும், நிறைந்தபின் நிறைவைக் காப்பதற்கு 13.5 முதல் 13.8 வோல்ட் வரையிலும் தேவை. குறைவாக இருந்தால் பாட்டரி அரைவயிற்றோடு கிடந்து, தகடுகளில் சல்பேட்டு இறுகிக் கெடும். மிகுந்தால் திராவகத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும்.

இரண்டாவது, காலியான பாட்டரி பசித்தவனைப் போன்றது. கிடைத்த அளவெல்லாம் இழுக்கும். 5 ஆம்பியர் மாத்திரம் தரவல்ல மின்வழங்கியில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இல்லையெனில் அது சூடேறிக் கருகும். ஈயப் பாட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் பொருத்தமானது. 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 15 ஆம்பியர் என்று கொள்ளலாம்.

மூன்றாவது குற்றமே மிகப் பெரிது. வீதி மின்சாரம் நின்றவுடன் பாட்டரியின் மின்சாரம் மின்வழங்கிக்குள் திரும்பிப் பாய்கிறது. மின்வழங்கியின் உறுப்புகள் பழுதாவதும், ஒருவரும் அறியாமல் பாட்டரி காலியாவதும் இதனால் நேர்கின்றன. இதைத் தடுக்க டையோடு என்னும் உறுப்பு உண்டு. நீர் ஒரு திசையில் மாத்திரம் செல்லுமாறு பம்பின் அடியில் பொருத்தும் புட்வால்வு போன்றது அது. சாதாரண டையோடு ஏறக்குறைய 0.7 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். ஆதலின் மின்வழங்கியின் வோல்ட்டை அந்த அளவு உயர்த்தி வைத்தல் வேண்டும். பாட்டரிக்கென்றே செய்யப்பட்ட சார்ஜரிலும் இன்வெர்ட்டரிலும் இம்மூன்று குற்றங்களுக்கும் பரிகாரம் உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகையால் சங்கங்கள் அவற்றையே வாங்குதல் நலம்.

மின்வழங்கியும் பாட்டரியும் பிரியாமல் சேர்ந்திருந்து பணிபுரிவதற்குச் சிறந்த உதாரணம் தொலைபேசி நிலையம். அங்கே 24 ஈய அறைகள் தொடராக நிற்கின்றன. பெயரளவில் 48 வோல்ட். மின்வழங்கி அவற்றிற்குச் சுமார் 54 வோல்ட் கொடுத்தபடியே இருக்கிறது. வீதி மின்சாரம் நின்றால் ஒரு கணமும் இடைவெளியின்றிப் பாட்டரி பாரத்தை ஏற்கிறது. ஊரெல்லாம் இருண்டபோதும் பழைய கம்பித் தொலைபேசி ஒலித்ததன் இரகசியம் இதுவே. அதன் வெற்றிக்குக் காரணம் வோல்ட்டின் அளவு திட்டமாயிருந்ததும், ஒவ்வொரு கிளையிலும் பியூஸ் இருந்ததும், நாள்தோறும் ஒருவர் பார்த்துக் குறித்ததும் ஆகும்.

4. அளவைக் கணக்கிடுதல்

ஒரு சிறிய சங்க அலுவலகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். கணினி 120 வாட், அச்சுப்பொறி 40, இரண்டு மின்விசிறிகள் 150, மூன்று விளக்குகள் 30, தராசும் இணையப் பெட்டியும் 20. மொத்தம் 360 வாட். நான்கு மணி நேரத் தடைக்கு 360 x 4 = 1,440 வாட்-மணி வேண்டும். இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் பாட்டரியிலிருந்து 1,800 வாட்-மணி எடுக்க நேரும்.

ஈயப் பாட்டரியை அடிவரை வற்றவைத்தால் அதன் ஆயுள் குறையும். பாதியளவு செலவிடுதலே சிக்கனம். ஆகவே 3,600 வாட்-மணி கொள்ளும் பாட்டரி தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிகள் இரண்டு இதற்குச் சரியாகும் (12 x 150 x 2 = 3,600).

இவ்விரண்டையும் சேர்க்க இரு வழிகள் உள. ஒன்றன் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு இணைப்பது தொடர் இணைப்பு. வோல்ட் 24 ஆகும், ஆம்பியர்-மணி 150 ஆகவே நிற்கும். நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. வோல்ட் 12 ஆகவே நிற்கும், ஆம்பியர்-மணி 300 ஆகும். தேங்கிய சக்தி இரண்டிலும் சமம். ஆனால் ஒரே வேலைக்கு 24 வோல்ட்டில் ஓடும் ஆம்பியர் 12 வோல்ட்டில் ஓடுவதில் பாதியே. கம்பியில் எழும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் பாதியானால் அதே கம்பியில் வெப்பம் கால்பங்காகும். ஆதலின் இன்வெர்ட்டர் இடங்கொடுக்குமாயின் தொடர் இணைப்பே மேலானது. பக்க இணைப்புச் செய்ய நேர்ந்தால், இன்வெர்ட்டருக்குச் செல்லும் நேர்க்கம்பியை ஒரு பாட்டரியிலிருந்தும் எதிர்க்கம்பியை மற்றொரு பாட்டரியிலிருந்தும் எடுத்தல் வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும்.

எந்த இணைப்பாயினும் பழைய பாட்டரியோடு புதியதையோ, வேறு அளவுள்ளதையோ சேர்க்கலாகாது. நொண்டி மாட்டோடு பூட்டிய நல்ல மாடும் கெடும்.

5. கம்பியும் பியூஸும்

மேற்கண்ட அலுவலகத்தில் 800 வாட் தரவல்ல இன்வெர்ட்டர் வைத்தால், முழுப் பாரத்தில் பாட்டரியிலிருந்து 1,000 வாட் எடுக்கப்படும். அதை 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 ஆம்பியர். இதற்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளமாகப் போதும். கம்பி கூடியமட்டும் குட்டையாக இருக்க வேண்டும்.

பியூஸ் தாங்கும் அளவு சாதாரண ஓட்டத்திற்கு மேலாகவும், கம்பி தாங்கும் அளவிற்குக் கீழாகவும் இருத்தல் விதி. இங்கே 63 ஆம்பியர் பொருந்தும். பியூஸ் காப்பது இன்வெர்ட்டரை அன்று, கம்பியையே. ஆகவே அது இன்வெர்ட்டரின் அருகில் இருந்து பயனில்லை. எலி கடித்தோ, ஆணி பட்டோ கம்பி நடுவில் பழுதுபட்டால், பாட்டரிக்கும் பழுதுக்கும் இடையில் பியூஸ் இருந்தால்தான் தீ தடுக்கப்படும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து கைநீளத்திற்குள், ஆனால் வாயு வெளிவரும் மூடிகளுக்கு நேர் மேலே அல்லாமல், அதைப் பொருத்த வேண்டும்.

டி.சி. எனப்படும் நேர்மின்சாரத்திற்கென்று செய்யப்பட்ட பியூஸையே வாங்குதல் அவசியம். வீதியில் வரும் ஏ.சி. மின்சாரம் ஒரு விநாடியில் நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவது. ஆகவே அதில் எழும் பொறி எளிதில் அணையும். பாட்டரியின் மின்சாரம் அங்ஙனம் ஓய்வதில்லை. வீட்டு மெயின் பெட்டிக்குரிய சுவிட்சைப் பாட்டரிக்குப் போட்டால், திறந்த பின்னும் உள்ளே பொறி எரிந்துகொண்டிருக்கக் கூடும். பியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டுதல், காவலனை நீக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

முனைகளின் இறுக்கமும் முக்கியம். தளர்ந்த முனை ஒன்றின் தடை நூறில் ஒரு பங்கு ஓம் என்று கொண்டாலும், 60 ஆம்பியர் ஓடுகையில் அவ்விடத்தில் 36 வாட் வெப்பம் உண்டாகும். பற்றவைக்கும் இரும்பு ஒன்றைப் பாட்டரியின் தலையில் வைத்ததற்கு இது சமம்.

6. இணைக்கும் வரிசை

இவ்வேலையைப் பயிற்சி பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். எனினும் வரிசை இதுவென்று சங்கத்தார் அறிந்திருந்தால், அருகில் நின்று கவனிக்க இயலும்.

(அ) மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். சாவிகளின் பிடியில் இன்சுலேஷன் நாடா சுற்றியிருக்க வேண்டும்.

(ஆ) வீதி மின்சாரத்தின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பாட்டரிப் பியூஸைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும்.

(இ) ஒவ்வொரு பாட்டரியின் வோல்ட்டையும் மீட்டரால் தனித்தனியே அளந்து குறிக்க வேண்டும். இரண்டிற்கும் பெருத்த பேதம் இருந்தால், தனித்தனியே நிரப்பிய பின்னரே சேர்க்க வேண்டும்.

(ஈ) பாட்டரிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியை முதலில் இறுக்க வேண்டும். பின்பு சிவப்பு நேர்க்கம்பி. அதன்பின் கறுப்பு எதிர்க்கம்பி.

(உ) பியூஸ் வைக்குமுன் மீட்டரால் முனைகளை மறுபடியும் பார்க்க வேண்டும். நேரும் எதிரும் மாறியிருந்தால், பியூஸ் வைத்த கணத்தில் இன்வெர்ட்டர் பாழாகும்.

(ஊ) கடைசியாகப் பியூஸை வைக்க வேண்டும். அப்போது சிறு பொறி எழுவது இயற்கை. அப்பொறி பாட்டரியின் மூடிக்கருகில் எழாமல் பியூஸ் பெட்டியில் எழுவதே இவ்வரிசையின் பயன்.

(எ) அதன்பின் வீதி மின்சாரம். அரைமணி கழித்து, இணைப்புகளின் காப்புறை மேல் புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரிக்கும்போது வரிசையைத் தலைகீழாக்கி, வீதி மின்சாரத்தை அணைத்ததும் பியூஸையே முதலில் எடுக்க வேண்டும்.

7. வாயு, திராவகம், வெப்பம்

நிறையும் தறுவாயில் ஈயப் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. காற்றினும் இலேசானதாதலின் கூரையடியில் தங்கும். ஆகவே பாட்டரி அறைக்கு மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் காற்று வழி வேண்டும். மூடிய அலமாரியிலும், உர மூட்டைகளுக்கும் காகிதக் கட்டுகளுக்கும் நடுவிலும் பாட்டரியை வைக்கலாகாது. அதன் அருகில் விளக்கேற்றுதல், ஊதுவத்தி கொளுத்துதல், பீடி பிடித்தல் ஆகியவை கூடா. ஆயுத பூஜையன்று பாட்டரியின் மேல் சூடம் ஏற்றும் வழக்கத்தையும் விலக்க வேண்டும்.

திராவகம் உடலில் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமேனும் ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆதலால் பாட்டரியிருக்கும் இடத்தின் அருகில் எப்போதும் ஒரு குடம் நல்ல நீர் இருத்தல் நன்று. குறைந்த நீரை நிரப்பக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். திராவகத்தை மேலும் ஊற்றுதல் ஒருபோதும் கூடாது.

வெப்பம் பாட்டரியின் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி உயர்விற்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் பொது விதி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பாட்டரி வைப்பது பணத்தை வெயிலில் உலர்த்துவதாகும். நிழலும் காற்றும் உள்ள வடபுறச் சுவரோரம், தரைக்குச் சற்று மேலே, மரத்தாலான மேடையில் வைப்பது நலம்.

அண்மைக் காலத்தில் லித்தியம் பாட்டரிகளும் கிராமங்களுக்கு வந்திருக்கின்றன. இவற்றிற்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆயினும் இவற்றின் அறைகளுக்குரிய வோல்ட் வேறு. ஒவ்வோர் அறையையும் காக்கும் மின்னணுக் காவல் உறுப்பும் உடன் இருக்க வேண்டும். ஈயப் பாட்டரிக்கென்று செய்த சார்ஜரை, உற்பத்தியாளர் அனுமதித்தாலன்றி, இவற்றோடு இணைக்கலாகாது.

8. கம்பத்தில் ஏறுகிறவரின் உயிர்

இதுவரை கூறியவை சங்கத்தின் சொத்தையும் அதனைக் கையாள்பவரையும் காப்பவை. இனிக் கூறுவது வேறொருவரின் உயிரைப் பற்றியது.

இன்வெர்ட்டர் பாட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றுகிறது. அதன் வெளிமுனையைத் தனி ஒயரிங்கில் சேர்க்காமல், இருபுறமும் ஊசியுள்ள பிளக்கு ஒன்றால் சுவர்ச் சாக்கெட்டில் செருகி, கட்டடம் முழுவதற்கும் வெளிச்சம் தேடும் கெட்ட வழக்கம் சிற்சில இடங்களில் உண்டு. ஜெனரேட்டரையும் இங்ஙனம் செருகுவர். அப்போது மின்சாரம் கட்டடத்தோடு நிற்பதில்லை. மெயின் சுவிட்சு திறக்கப்படாதிருந்தால் மீட்டரைக் கடந்து வீதிக் கம்பிக்குச் செல்கிறது. வீதியிலுள்ள டிரான்ஸ்பார்மர் உயர்ந்த வோல்ட்டைத் தாழ்த்துவது போலவே, தலைகீழாக இயங்கித் தாழ்ந்த வோல்ட்டை உயர்த்தவும் செய்யும். இப்புறம் புகுந்த 230 வோல்ட், அப்புறத்தில் 11,000 அல்லது 22,000 வோல்ட் கம்பியில் வெளிப்படக் கூடும்.

சிறிய இன்வெர்ட்டராயின் ஊரின் பாரம் முழுவதையும் தாங்காது தானே நின்றுவிடும் என்று சிலர் கூறுவர். பல சமயங்களில் அது உண்மையே. ஆனால் காற்றில் அறுந்து கிடப்பது சங்கத்திற்கு வரும் சர்வீஸ் கம்பியாக இருந்தால், ஊரின் பாரம் அதில் இல்லை. இன்வெர்ட்டர் நிற்காது. மழையில் தரையில் கிடக்கும் அக்கம்பி உயிரோடு இருக்கும்.

வேலை தொடங்குமுன் கம்பியை எர்த் செய்வது லைன்மேன்களுக்கு விதிக்கப்பட்ட முறை. எனினும் இரவில், மழையில், நூறு வீடுகள் இருளில் காத்திருக்கும் அவசரத்தில், அவரது ஜாக்கிரதை ஒன்றையே நம்பி அடுத்தவர் அஜாக்கிரதையாக இருப்பது முறையன்று. கம்பத்தில் ஏறுகிறவர் பல சமயங்களில் அதே ஊர்க்காரர். சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் மகனாகவோ சகோதரனாகவோ இருப்பவர்.

ஆகவே விதி இது. இன்வெர்ட்டரின் வெளிமுனை, மெயின் பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்ட தனிச் சுற்றுக்கு மாத்திரம் செல்ல வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால், பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சு வேண்டும். அச்சுவிட்சு ஒரு பக்கத்தை விட்ட பின்னரே மறு பக்கத்தைப் பிடிக்கும். இரண்டையும் ஒருங்கே பிடிக்க அதனால் இயலாது. இருபுறமும் ஊசியுள்ள பிளக்கு சங்கக் கட்டடத்தில் இருத்தலே கூடாது. கூரைமேல் அமைத்து வீதிக் கம்பியோடு சேர்க்கும் சூரிய மின்சாரக் கருவிகள், வீதி மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடுமாறு செய்யப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே. இன்வெர்ட்டரின் உடலுக்கு எர்த்தும், சுற்றுக்குக் கசிவு மின்சாரத்தை அறிந்து அறுக்கும் சுவிட்சும் அமைத்தல் அவசியம்.

9. பாட்டரிக் குறிப்பேடு

பலருக்குப் பொதுவான பொருளை ஒருவரும் கவனியாதிருப்பது உண்டு. இதற்குப் பரிகாரம் பொறுப்பைப் பெயரிட்டுக் கொடுத்தலே. காரியதரிசியோ, நிர்வாகக் குழு நியமிக்கும் ஒருவரோ, பிரதி மாதம் ஒரு குறித்த தேதியில் பாட்டரியைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பாட்டரியின் வோல்ட், ஒவ்வோர் அறையிலும் நீரின் மட்டம், திராவகத்தின் அடர்த்தி, முனைகளின் நிலை ஆகிய நான்கே போதும். நிறைந்த பாட்டரியின் திராவக அடர்த்தி, அதன் வகைக்கு ஏற்ப, 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மாத்திரம் மற்றவற்றினும் தாழ்ந்து வந்தால், அவ்வறை கெடத் தொடங்கியிருக்கிறது என்று அறியலாம். முனைகளில் படியும் வெண்ணிறப் பூசணத்தைச் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவ வேண்டும். அந்நீர் அறைக்குள் விழலாகாது.

ஆயுள் முடிந்த பாட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் பெருந்தீங்கு. ஈயம் நஞ்சு; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பிக் குடிநீர் பெறும் ஊர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்துகின்றன. புதியது வாங்கும்போதே பழையதைக் கடையில் ஒப்படைத்து இரசீது பெற்று, அதையும் குறிப்பேட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.

10. சங்கக் கூட்டத்தில் கேட்டறிய வேண்டியவை

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டு, விடைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவது பயன் தரும்.

1. சங்கக் கட்டடத்திலுள்ள பாட்டரிக்குப் பியூஸ் உண்டா? அது பாட்டரியிலிருந்து எத்தனை முழத்தில் இருக்கிறது? டி.சி.க்கு உரியதா?

2. கம்பியின் அளவும் பியூஸின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா?

3. பாட்டரி அறையின் மேல்புறத்தில் காற்று வழி உண்டா? அருகில் எரியும் பொருள் எதுவும் கிடக்கிறதா?

4. வீதி மின்சாரம் நின்றிருக்கையில், இன்வெர்ட்டரின் மின்சாரம் மெயின் பெட்டிக்குத் திரும்ப ஏதேனும் வழி உண்டா?

5. கடைசியாகப் பாட்டரியைப் பார்த்தவர் யார், எந்தத் தேதியில்?

நான்காவது கேள்விக்கு 'உண்டு' என்றோ, 'தெரியாது' என்றோ விடை வருமாயின், மற்றவற்றிற்குக் காத்திராமல் அன்றே இன்வெர்ட்டரை நிறுத்தி, ஒயர்மேனை அழைத்தல் வேண்டும். ஏனையவற்றைச் செம்மை செய்ய ஒரு மாதத் தவணை கொடுக்கலாம். இதற்குத் தவணை இல்லை.